வம்சாவளி இல்லாத சொல்

ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் 'டாக்' என்னும் சொல்லின் பிறப்பு எவருக்கும் உறுதியாகத் தெரியாது. உலகின் பல நாடுகளில் குழந்தைகள் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் மூன்றெழுத்துச் சொல் அது. ஆயினும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் தொகுதி 1897இல் வெளிவந்தபோது, அதில் இச்சொல் இடம்பெற்ற பகுதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மரே, அதன் முன்வரலாறும் மூலமும் அறியப்படவில்லை என்று பதிவு செய்வதோடு நிறுத்திக்கொண்டார். அரிய மருந்துகளின் பெயர்களுக்கும் அயல்நாட்டுத் துணிவகைகளின் பெயர்களுக்கும் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்சென்று வேர் காட்டிய அந்த அகராதி, வீட்டு வாசலில் படுத்திருக்கும் பிராணியின் பெயருக்கு வேர் காட்ட முடியாமற் போனது தற்செயல் அன்று. ஒரு மொழியில் எந்தச் சொற்கள் எழுத்தில் ஏறுகின்றன, எவை ஏறாமல் வாயோடு நிற்கின்றன என்பதோடு பிணைந்த செய்தி அது.

ஆங்கிலத்தில் நாய்க்கு வேறொரு பழைய பெயர் உண்டு. இன்று வேட்டைநாயை மட்டும் குறிக்கும் 'ஹவுண்ட்', பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தில் வழங்கிய மொழிநிலையில், 'ஹுண்ட்' என்ற வடிவில் எல்லா நாய்களுக்கும் பொதுவாக நின்றது. ஜெர்மன், ஸ்வீடிஷ், டச்சு ஆகிய உறவு மொழிகளில் சிறு ஒலிவேறுபாட்டோடு அதே சொல்தான் இன்றும் நாய்க்குப் பொதுப்பெயர். அதற்கும் அப்பால் சென்றால் லத்தீனின் 'கானிஸ்', கிரேக்கத்தின் 'கியூஓன்', சமஸ்கிருதத்தின் 'ச்வன்' ஆகியவை அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ககரம் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாக மாறியது என்பதை யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக வகுத்துச் சொன்னார். கொம்பைக் குறிக்கும் லத்தீன் 'கோர்னு'வுக்கு இணையாக ஆங்கிலத்தில் 'ஹார்ன்' நிற்பதும் நூறைக் குறிக்கும் 'கென்டும்' என்பதற்கு இணையாக 'ஹண்ட்ரட்' நிற்பதும் அவ்விதியின்படியே. சமஸ்கிருதம் வழியாகத் தமிழ் நிகண்டுகளுக்குள் புகுந்த 'சுனகன்', 'சுவானம்' என்னும் சொற்களும் இந்த வீட்டைச் சேர்ந்தவைதாம். ஆங்கிலேயர் வேட்டைக்கு அழைத்துச்சென்ற 'ஹவுண்ட்' தமிழ்ப் புலவர் அறிந்த சுனகனுக்குத் தூரத்து உறவு என்பதை ஒலிவிதிகளின் துணையோடு படிப்படியாக நிறுவ முடிகிறது. 'டாக்' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு படிகூட இல்லை. மற்ற ஜெர்மானிய மொழிகளில் அதற்குப் பழைய உறவு கிடையாது. பிற்காலத்தில் அவற்றில் காணப்படுவன யாவும் ஆங்கிலத்திலிருந்து கடன்போனவை.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'டொக்கா'. தமிழ் எழுத்தில் இப்படி எழுதினாலும், அதன் ககரத்தைத் 'தங்கம்' என்பதில் வரும் ககரத்தின் மெல்லோசையோடு இரட்டித்து ஒலிக்க வேண்டும். இந்த வடிவம் பழைய ஆங்கில எழுத்துகளில் காணக்கிடைப்பது மிகமிக அரிது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கைப்பிரதி அதற்கு முதன்மைச் சான்று. ஸ்பெயினில் 348இல் பிறந்த புருடென்டியஸ் என்னும் கிறித்துவக் கவிஞரின் லத்தீன் பாடல்களைப் படித்த ஒருவர், கடினமான சொற்களுக்கு மேலே, வரிகளுக்கிடையில், சிறிய எழுத்தில் ஆங்கிலப் பொருள் எழுதிவைத்தார். தமிழ் மரபில் அரும்பதவுரை எனப்படுவதற்கு ஒப்பான பணி அது. நாய்களுடைய என்னும் பொருள்படும் 'கானும்' என்ற லத்தீன் சொல்லுக்கு மேல் அவர் 'ஹுண்ட்' என்பதன் வடிவத்தை எழுதாமல் 'டொக்கா'வின் வேற்றுமை வடிவத்தை எழுதினார். இதைத் தவிர நிலங்களுக்கு எல்லை குறிக்கும் சில சாசனங்களில் இடப்பெயர்களின் உறுப்பாக இச்சொல் தென்படுகிறது. ஆற்றைக் கடக்கும் ஒரு துறை இப்பெயரால் சுட்டப்படுகிறது. அது நாய்களின் துறையா, அப்படிப் பட்டப்பெயர் பெற்ற ஒரு மனிதனின் துறையா என்பதைச் சாசனம் சொல்வதில்லை.

எழுத்தில் அரிதாக இருந்தது பேச்சிலும் அரிதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். பழைய ஆங்கிலத்தில் எஞ்சியுள்ள ஏடுகளில் மிகப் பெரும்பாலானவை மடாலயங்களில் எழுதப்பட்டவை. மறையுரை, புனிதர் வரலாறு, சட்டம், வீரப்பாடல், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றுக்கு அங்கே இடமிருந்தது. தொழுவத்திலும் வைக்கோற்போரடியிலும் நடந்த பேச்சுக்கு இடமில்லை. இதைத் தெளிவாகக் காட்டும் நூல், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏல்ஃப்ரிக் என்னும் துறவி மாணவர்களுக்கு லத்தீன் கற்பிக்க எழுதிய உரையாடல். அதில் உழவன், வேடன், இடையன், மீனவன் முதலியோர் ஆசிரியரின் கேள்விகளுக்கு விடையளித்துத் தத்தம் தொழிலை விவரிக்கின்றனர். ஓநாய்கள் ஆடுகளை விழுங்கிவிடாதபடி நாய்களோடு காவல் நிற்பதாக இடையன் சொல்கிறான். அந்த லத்தீன் வரியின் மேல் எழுதப்பட்ட ஆங்கிலச் சொல்லும் 'ஹுண்ட்' என்பதன் வடிவமே. வேடனின் விரைந்தோடும் நாய்க்கும் இடையனின் காவல்நாய்க்கும் ஒரே சொல்லை எழுதியது கற்றவரின் கை. உண்மையான இடையன் வெயிலிலும் மழையிலும் தன் நாயை எந்தச் சொல்லால் அழைத்தான் என்பது ஏட்டில் இல்லை. ஏல்ஃப்ரிக்கின் இடையன் பேசுவது பள்ளிக்கூட மொழி என்பதை நினைவில் கொண்டால், அரும்பதவுரைகாரர் ஒருமுறை அறியாமலோ அறிந்தோ எழுதிவிட்ட 'டொக்கா'வின் மதிப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

இந்தச் சொல் தனியாக வந்ததன்று, ஒரு கூட்டத்தோடு வந்தது. தவளைக்கு 'ஃபிராக்', பன்றிக்குப் 'பிக்', 'ஹாக்', கலைமானுக்கு 'ஸ்டாக்' என்று இன்றைய ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களின் பழைய வடிவங்களை எடுத்துப் பார்த்தால், தெரிந்தவரையிலும் ஊகிக்க முடிந்தவரையிலும் அவை எல்லாம் இரட்டித்த ககரத்தைக் கொண்டவை. காதுக்குள் புகும் என்று அஞ்சப்பட்ட ஒரு சிறு பூச்சிக்கு வழங்கும் 'இயர்விக்' என்ற பெயரின் பின்பாதியும் பூச்சியைக் குறித்த 'விக்கா' என்னும் சொல்லே. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலத்துக்கு வெளியே நம்பகமான பழைய உறவு காட்ட முடியவில்லை. இவற்றுள் பல, தம்மினும் மூத்த, வம்சாவளி தெளிந்த ஒரு சொல்லை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தவை. பன்றியின் பழைய பொதுப்பெயரான 'ஸ்வைன்' லத்தீன் 'சூஸ்', சமஸ்கிருத 'சூகர' ஆகியவற்றோடு உறவுடையது. 'பிக்' என்ற சொல்லோ பழைய ஆங்கிலத்தில் தனித்து எழுதப்பட்டதாகவே கிடைக்கவில்லை. பன்றிகள் தின்னும் ஓக் மரக்கொட்டையைப் 'பன்றியின் ரொட்டி' என்று சொல்லும் ஒரு கூட்டுச்சொல்லுக்குள், அதுவும் ஓர் அரும்பதவுரையில், அது ஒளிந்திருக்கிறது. மேய்ச்சற்காட்டில் நாள்தோறும் நூறு வாய்களில் புழங்கியிருக்கக்கூடிய ஒரு சொல், ஒரு கொட்டையின் பெயரோடு ஒட்டிக்கொண்டதால் மட்டும் தப்பியது.

சொல்லின் நடுவில் வரும் மெய்யை இரட்டிப்பது பழைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் செல்லப்பெயர்களின் வழக்கம். நீண்ட பெயரைக் குறுக்கி, மெய்யை இரட்டித்து, ஓர் உயிரைச் சேர்த்து முடிப்பார்கள். கிருஷ்ணனைக் கிட்டு என்றும் விசுவநாதனை விச்சு என்றும் அழைக்கும் தமிழ் வீடுகளுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. கிழக்கு ஆங்கிலியர் நாட்டின் அரசமரபு தன் முன்னோனாகப் போற்றிய 'வுஃபா'வின் பெயர், ஓநாயைக் குறிக்கும் சொல்லை முதலாகக் கொண்ட ஏதோ ஒரு நீண்ட பெயரின் குறுக்கம் என்றே அறிஞர் கருதுகின்றனர். அரசர்களையே இப்படி அழைத்த மக்கள் தங்கள் நாயையும் பன்றியையும் தவளையையும் அதே குரலில் அழைத்திருப்பதில் வியப்பில்லை. பாசமும் எள்ளலும் கலந்த, குழந்தைகளோடும் விலங்குகளோடும் பேசும்போது மட்டும் வாயில் வரும் மொழியின் சொற்கள் இவை என்று கொள்வது, இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்களுள் மிகவும் பொருந்துவதாகப் படுகிறது. ஸ்பானிய மொழியிலும் லத்தீன் வழிவந்த 'கான்' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, மூலம் தெரியாத 'பெர்ரோ' நாயின் பொதுப்பெயராயிற்று. இடையர் நாயை அழைக்கும் ஒலியிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்பது ஸ்பானியச் சொற்பிறப்பியலின் பேரறிஞரான கோரோமினஸின் கருத்து. உண்மையானால், ஐரோப்பாவின் இரு மூலைகளில் தொழுவத்தின் அழைப்பொலி ஏட்டின் பெயர்ச்சொல்லை வென்றிருக்கிறது.

அந்த வெற்றி ஒரே நாளில் நிகழவில்லை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் அரசும் நீதியும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. ஆங்கில எழுத்துக்கு அதுவரை இருந்த கட்டுக்கோப்பான நடை சிதைந்தது. மீண்டும் ஆங்கிலம் பரவலாக எழுதப்பட்டபோது, பழைய நடையின் காவல் இல்லாததால், கீழே கிடந்த சொற்கள் பல மேலே வந்தன. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனித்துறவு மேற்கொண்ட பெண்களுக்காக எழுதப்பட்ட 'ஆங்கரன் விஸ்ஸ' என்னும் வழிகாட்டி நூலில் சாத்தானை நாய் என்று ஏசுமிடத்தில் இச்சொல் வருகிறது. அதன் தொடக்ககால ஆட்சிகளில் இகழ்ச்சிக் குரலே மிகுதி. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட மதிப்பான பொதுச்சொல் 'ஹவுண்ட்' ஆகவே இருந்தது. சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' காட்டும் மடத்தலைவி, வறுத்த இறைச்சியும் பாலும் நல்ல வெள்ளை ரொட்டியும் ஊட்டி வளர்த்த குட்டிநாய்கள், வேட்டைக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், 'ஹவுண்ட்' என்றே பெயர் பெறுகின்றன. தூய பொருளை நாய்களுக்கு இடலாகாது என்னும் கருத்துடைய மத்தேயு நற்செய்தியின் வசனத்தில் விக்லிஃப் குழுவினரின் 14ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு பழைய சொல்லையும், 1526இல் அச்சான டிண்டேலின் மொழிபெயர்ப்பு புதிய சொல்லையும் ஆள்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குள் இடம் மாறிவிட்டது. கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கீயஸ், விலங்கியலறிஞர் கான்ராட் கெஸ்னருக்கு உதவியாகத் தொகுத்து 1570இல் லத்தீனில் வெளியிட்ட பிரித்தானிய நாய்கள் பற்றிய நூலை ஆபிரகாம் ஃபிளெமிங் 1576இல் ஆங்கிலமாக்கியபோது, தலைப்பிலேயே 'டாக்' பொதுப்பெயராக அமர்ந்துவிட்டது. சீமாட்டியின் மடிநாயும் கசாப்புக்காரனின் நாயும் வேட்டைநாயும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. 'ஹவுண்ட்' அதன் ஒரு வகையாகச் சுருங்கியது.

பொதுப்பெயர் சிறப்புப்பெயராகக் குறுகுவதையும் சிறப்புப்பெயர் பொதுப்பெயராக விரிவதையும் மொழியியலார் பொருட்சுருக்கம், பொருள்விரிவு என்று பிரிப்பர். இங்கே இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஒருசேர நடந்தன. பறவைகளிலும் இதே கதைதான். 'ஃபௌல்' என்பதன் பழைய வடிவம் எல்லாப் பறவைக்கும் பொதுவாயிருந்து கோழி முதலியவற்றுக்குச் சுருங்க, குஞ்சை மட்டும் குறித்த 'பிரிட்' என்னும் சொல் எழுத்துகள் முன்பின்னாக மாறி 'பேர்ட்' ஆகி எல்லாப் பறவைக்கும் விரிந்தது. தசை சதையானது போன்ற மாற்றம் அது. அந்தச் சொல்லுக்கும் ஆங்கிலத்துக்கு வெளியே உறவில்லை. விலங்கு என்னும் பொதுப்பொருளில் வழங்கிய 'டீர்' மானுக்குச் சுருங்கியதும் இவ்வகையே. 'மிருகம்' என்ற சொல் பொது விலங்கையும், மிருகசீரிடம் என்னும் நட்சத்திரப் பெயரில் மானையும் குறிப்பதை அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

பிரித்தானிய நாய்களின் கடல்கடந்த புகழ் மிகப் பழையது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, பிரித்தானியத் தீவிலிருந்து ஏற்றுமதியாகும் பொருள்களாகத் தானியம், கால்நடை, பொன், வெள்ளி, இரும்பு, தோல், அடிமைகள் ஆகியவற்றோடு வேட்டைக்குத் தகுந்த நாய்களையும் எண்ணுகிறார். பின்னாளில் நாய்களோடு பெயரும் கப்பலேறியது. பிரெஞ்சில் 'டோக்' என்றும் ஜெர்மனில் 'டோக்க' என்றும் நுழைந்த சொல் அங்கெல்லாம் பருத்த, வலிய உடலுடைய காவல்நாயை மட்டுமே குறித்தது. கடன்கொண்டவர்கள் சிறப்புப் பொருளில் வாங்கினார்கள் என்பதால், கொடுத்த மொழியிலும் ஒருகாலத்தில் அச்சொல் அத்தகைய நாய்க்கே உரியதாயிருந்திருக்கலாம் என்று சிலர் கருதுவர். இது முழுச்சான்று ஆகாது, ஏனெனில் வெளிநாட்டார் தாங்கள் கண்ட நாய்க்கு அதன் சொந்த ஊரின் பொதுப்பெயரை இட்டிருப்பதும் இயல்பே. ஜெர்மானியர் இச்சொல்லால் தங்கள் நாட்டு நாய் என்று பெயரிட்டழைக்கும் பேருருவ இனத்தை, சொல்லைக் கொடுத்த ஆங்கிலேயரோ டென்மார்க்கின் பெயரால் 'கிரேட் டேன்' என்கின்றனர், அந்த இனம் உருவான நாடு ஜெர்மனியாக இருந்தும்.

மூலம் தெரியாத சொல்லைச் சுற்றி ஊகங்கள் ஈயென மொய்ப்பது இயற்கை. ஒலி ஒத்திருந்தால் உறவு கொண்டாடிவிடும் ஆர்வம் எல்லா மொழியாரிடமும் உண்டு, தமிழரிடம் சற்று மிகுதியாகவே உண்டு. அந்த ஆர்வத்துக்கு வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழி ஒரு கடுமையான பாடத்தை வைத்திருக்கிறது. 1960களில் அம்மொழியைப் பதிவு செய்யச் சென்ற ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன், அதைப் பேசியவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த ஆல்பர்ட் பென்னட்டிடம் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் கேட்டுக் குறித்தார். நாய்க்கு அவர் சொன்ன பெயர், கேட்பவர் காதில் ஆங்கிலச் சொல்லாகவே விழுந்தது. ஆங்கிலேயரிடமிருந்து வாங்கிய கடன் என்று எவரும் கருதியிருப்பர். ஆனால் அண்டை மொழியான யிடினில் நாய்க்கு 'குடக' என்றும் ஜிர்பலில் 'குட' என்றும் பெயர். முதலில் ககரம் வந்தால் அடுத்த அசையின் அகரம் ஒகரமாவதும், பின்னர் முதலசை உதிர்வதும், இறுதி உயிர் கெடுவதும் ம்பபரத்தின் வேறு பல சொற்களிலும் காணப்படும் விதிகள். அவ்விதிகளின் வழியே 'குடக' தானாகவே 'டாக்' ஆகிறது. பல்லாயிரம் மைல் இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு மக்கள், ஒரே பிராணிக்கு ஒரே ஒலியை வந்தடைந்தனர். இதில் உறவு துளியும் இல்லை. கானிஸுக்கும் ஹவுண்டுக்கும் காதுக்கு ஒற்றுமையே இல்லாதபோதும் உறவு உண்டு. சொற்பிறப்பியல் செவியை நம்பும் கலை அன்று. ஒலிமாற்றங்கள் விதியாக ஒழுகுகின்றனவா என்று சோதிக்கும் ஒழுக்கம் அது. மரே தெரியாது என்று எழுதியது அந்த ஒழுக்கத்தின் உயர்ந்த வடிவம். வாயில் வந்த ஓர் ஊகத்தை எழுதி இடத்தை நிரப்பியிருந்தால் பின்வந்தவர்கள் தேடியிருக்க மாட்டார்கள்.

தேடியவர்களுள் போலந்து மொழியியலாளர் பியோத்ர் கொன்ஷியோரோவ்ஸ்கி 2006இல் முன்வைத்த விளக்கம் கவனத்துக்குரியது. பழைய ஆங்கிலத்தில் தவளைக்கு 'ஃப்ரொஷ்', 'ஃப்ரொக்ஸ்' என்னும் வடிவங்கள் இருந்தன. ஜெர்மன் மொழியின் தவளைப்பெயரோடு உறவுடைய பழஞ்சொல் அது. அதன் செல்லக் குறுக்கமே 'ஃப்ரொக்கா', இன்றைய 'ஃபிராக்'. இதே வாய்பாட்டில், மங்கிய கருநிறத்தைக் குறித்த 'டொக்ஸ்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லின் செல்லக் குறுக்கமாக 'டொக்கா' பிறந்திருக்கும் என்பது அவர் வாதம். அந்திமயங்கும் வேளையைக் குறிக்கும் 'டஸ்க்' என்னும் ஆங்கிலச் சொல் அந்த நிறச்சொல்லின் வழிவந்ததே. அப்படியானால், தமிழ்க் கிராமங்களில் கருப்பன் என்றும் செவலை என்றும் நிறத்தால் நாயைக் கூப்பிடுவது போல, ஏதோ ஒரு முற்றத்தில் கருநிற நாயொன்றை அழைத்த பெயர் மெல்லமெல்ல எல்லா நாய்க்கும் ஆகிவந்தது என்று கொள்ள வேண்டும்.

இந்த விளக்கத்தின் வலிமை, தவளையின் பெயரில் கண்கூடாகத் தெரியும் மாற்றத்தை நாயின் பெயருக்கும் அளவாகக் கொண்டதில் இருக்கிறது. ஒரு சொல்லுக்காகப் புதிதாக விதி படைக்கவில்லை. அதன் குறை, நிறச்சொல்லிலிருந்து நாய்ப்பெயருக்குச் செல்லும் நடுப்படியைக் காட்டும் எழுத்துச்சான்று ஒன்றுகூட இல்லாதது. கருநிற நாய் ஒன்றை 'டொக்கா' என்று அழைத்ததாகச் சொல்லும் ஒரு வரி, ஒரு சாசனத்தின் ஓரக்குறிப்பு, இன்னோர் அரும்பதவுரை கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும். பழைய ஆங்கிலக் கைப்பிரதிகளில் எஞ்சியவை பெரும்பாலும் பதிப்பிக்கப்பட்டுவிட்டதால், சான்று வருமானால் நூல் கட்டமைப்பில் ஒட்டுத்தாளாகப் பயன்பட்டுக் கிழிந்துபோன ஏட்டுத்துண்டுகளிலிருந்துதான் வர வாய்ப்புண்டு. பன்றியின் 'பிக்' என்ற பெயருக்கோ தவளையின் பெயருக்கு இருப்பது போன்ற மூத்த வடிவம் எதுவும் கைவசம் இல்லை. அதன் வழக்கு இன்னும் தொடங்கிய இடத்திலேயே, அந்த ஓக் மரக்கொட்டையின் பெயரிலேயே நிற்கிறது.